நான்காவது இருக்கை

மூன்று பேர் உட்காரும் பலகையில்
நான்காவதாக ஒருத்தி
பாதி இடுப்பை மட்டும் வைத்துக்கொள்வாள்.
மறுபாதி நடைவழியில், காற்றில்.
மும்பையில் இதற்குப் பெயரே உண்டு: சௌத்தி சீட்.
ஆறு பதினெட்டு பத்லாபூர் வண்டி,
மகளிர் பெட்டி.
பன்னிரண்டு வருடமாக
சுலபா பெட்ணேகரின் தொடைச்சூடு
என் வலது தொடைக்குத் தெரியும்.
அவள் டப்பாவில் என்ன குழம்பு என்று
என் புடவை சொல்லும்.

டிசம்பரில் அந்தக் காய்ச்சல் வந்தது.
முதலில் அதற்குப் பெயர் இல்லை.
பெயரில்லாததற்கு வாய் அதிகம்:
புறாவிலிருந்து வருகிறதாம்,
கரும்புச்சாற்று ஐஸிலிருந்தாம்,
காட்கோபரில் ஒரு மாடி முழுக்க மூடியாச்சாம்,
இல்லையாம், அங்கே பெயின்ட் அடிக்கிறார்களாம்.
மேனகா காமத் கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து வந்தாள்.
நஃபீசா கைப்பிடியைத் துப்பட்டாவால் பிடித்தாள்.
நான் ரசத்தில் மிளகைக் கூட்டினேன்.
கூடவே, ஒருவருக்கும் சொல்லாமல்,
இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துத் தேதி பார்த்தேன்.

டிவியில் நகரத்தின் வரைபடம்
வார்டு வார்டாகச் சிவந்தது.
எங்கள் பக்கம் இன்னும் மஞ்சள்தான் என்றான் மகன்,
கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற குரலில்.

ஒரு செவ்வாய், தாதர் தாண்டியதும்,
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சுலபா
இருமினாள்.
இரண்டு தடவை.
மூன்றாவதை விழுங்கினாள்; கண்ணில் நீர் வந்துவிட்டது.
அத்தனை நெரிசலில்
அவளைச் சுற்றி இடம் உண்டானது.
யாரும் நகரவில்லை,
இடம் மட்டும் நகர்ந்தது.
பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக
முழு இடுப்பும் வைத்து உட்கார்ந்தாள்,
தாணே வரைக்கும்,
ராணியைப் போல,
குற்றவாளியைப் போல.

புதன், வியாழன், வெள்ளி வரவில்லை.
அவள் பெயரைச் சொல்லாமலேயே
அவளைப் பற்றிப் பேசினோம்.
உடம்பு எப்படி என்று வாட்ஸப்பில் அடித்து
அனுப்பாமல் அழித்தேன்.
பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

திங்கட்கிழமை வந்தாள்.
நான்காக மடித்த ஒரு தாளைப்
பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தாள்.
யாரும் கேட்கவில்லை.
எல்லோரும் படித்தோம்.
தலைகீழாக இருந்தும் படித்தோம்.
சாதாரணம்தான் என்று மராத்தியில் சொன்னாள், இந்தியில் சொன்னாள்,
எனக்காக ஒரு சொல்லை மட்டும் தமிழில்:
சளி.
நான்தான் எப்போதோ சொல்லிக்கொடுத்தது.

பிறகு, வழக்கம்போல,
உரித்த பட்டாணியில் ஒரு பிடி அள்ளி நீட்டினாள்.
மேனகாவுக்கு விரதம்.
நஃபீசாவுக்குப் பல்வலி.
எனக்குப் பொய் கிடைப்பதற்குள் நேரமாகிவிட்டது;
வாங்கிக்கொண்டேன்.

அன்று நான் ஜன்னலோரம் மாறியிருந்தேன்,
காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டு.
கல்வா பாலத்தில், கீழே உப்பங்கழி கறுத்துக் கிடக்க,
கம்பிக்கு வெளியே கையை விட்டு
விரல்களைத் திறந்தேன்.
ஒரு பிடி பட்டாணி விழுகிற சத்தம்
ரயிலுக்குள் கேட்குமா என்ன.

திரும்பியபோது அவள்
தோல்களைப் பைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.
பார்த்தாளா,
இன்றுவரை தெரியாது.

மறுநாள் கால் கிலோ கொண்டுவந்தாள்.
உரிக்கவில்லை.
முழுக் காய்களாக, காம்போடு,
என் மடியில் கொட்டிவிட்டு
ஓர் எட்டு தள்ளிப் போய்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.
அவ்வளவு கூட்டத்திலும்
என் வலப்பக்கம் காலியாகவே வந்தது.

முதல் காயைப் பிளந்தேன்.
உள்ளே ஒன்பது,
ஒன்றின் விலாவில் ஒன்று அமுங்கியபடி,
ஓரத்தில் ஒரு குட்டி
பாதி இடத்தில்.